வாழைத்தாரின் மூச்சை அளக்கும் கரிக்குழல்

(சேரன்மகாதேவியில் உழவர் பெருமக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிசான நடவு நெருங்கும் வேளையில் நாற்றங்கால் வேலையையும் தண்ணீர் முறையையும் விட்டுவிட்டு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். 'வாழையைப் பற்றிப் பேச்சு' என்று சொல்லித்தான் உங்களை அழைத்திருப்பார்கள். வாழையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் பேச்சு சற்றே சுற்றி, பத்தமடைப் பாய், காருக்குறிச்சிப் பானை, கண்ணுக்கே தெரியாத ஒரு கரிக்குழல் என்று போய்த்தான் வாழைக்குத் திரும்பும். பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதை ஒன்று. நான் பள்ளியில் படித்த காலத்தில் என் தகப்பனார் கன்னடியன் கால் பாசனத்தில் 2 ஏக்கர் ஏத்தன் வாழை வைத்திருந்தார். ஓணத்துக்கு முன்பு மலையாள நாட்டுச் சந்தைக்கு அனுப்பினால் நல்ல விலை என்று, ஒரு வருடம் தார்களை வெட்டி லாரியில் ஏற்றினார். எல்லாம் பச்சைத் தார். முக்கால் விளைச்சலுக்குச் சற்று மேல். ஏற்றும்போது ஒரு தாரில் எலி கடித்த இரண்டு சீப்பு இருந்தது. 'அடியில் கிடக்கட்டும், எடை குறையாது' என்று ஏற்றியவர்கள் அதையும் போட்டார்கள். வழியில் லாரி பழுதாகி ஒரு நாளுக்கு மேல் நின்றுவிட்டது. மழைக்குப் பயந்து தார்ப்பாயை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். சந்தையில் அவிழ்த்தபோது பாதி லோடு மஞ்சளித்து, அடியில் கிடந்தவை கன்றிப் போயிருந்தன. 'முற்றியதை வெட்டி அனுப்பிவிட்டார்' என்றார் வியாபாரி. 'வழியில் நிறுத்திவிட்டான்' என்றார் என் தகப்பனார். இரண்டு பேர் கையிலும் சான்று இல்லை. சான்று இல்லாத வழக்கில் யார் தோற்பார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டு எங்கள் வீட்டு உழவு மாடு ஒரு ஜோடி போயிற்று.

அந்த லாரிக்குள் நடந்தது என்ன? பல ஆண்டுகள் கழித்துப் படிக்கப் போன இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. எலி கடித்த சீப்பு காயப்பட்டது. காயப்பட்ட காய் எத்திலீன் என்ற வாயுவைக் கூடுதலாக வெளியிடும். அந்த வாயு பக்கத்துக் காயில் பட்டால் அதுவும் பழுக்கத் தொடங்கும். பழுக்கத் தொடங்கிய காய் தானும் எத்திலீன் விடும். ஒரு வீட்டுக் கூரையில் பிடித்த தீ தெரு முழுவதும் பரவுவதுபோலத்தான். காற்றுப் புகாமல் தார்ப்பாய் கட்டினால் கேட்கவே வேண்டாம்.

எத்திலீன் எளிய வாயு. 2 கரி அணு, 4 ஹைட்ரஜன் அணு, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்குகள் நிலக்கரி வாயுவில் எரிந்தன. குழாயில் கசிவு இருந்த இடங்களில் சாலை மரங்கள் காலமில்லாத காலத்தில் இலை உதிர்த்தன. 1901-இல் ருஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் நெலியுபோவ் என்ற மாணவர், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பட்டாணி நாற்றுகள் நிமிராமல் கோணலாக வளர்வதைக் கண்டு, அதற்குக் காரணம் விளக்கு வாயுவில் கலந்துள்ள எத்திலீன்தான் என்று நிறுவினார். பழமே அந்த வாயுவை உண்டாக்குகிறது என்பதை 1934-இல் இங்கிலாந்தில் கேன் என்பவர் மெய்ப்பித்தார்.

நம் பாட்டன்மார்களுக்கு இந்தப் பெயர் எதுவும் தெரியாது. ஆனால் காரியம் தெரியும். தாரை அறையில் அடுக்கி, ஓரத்தில் சருகும் வரட்டியும் புகைய விட்டு மூட்டம் போட்டார்கள் அல்லவா? புகையிலும் எத்திலீன் உண்டு. பாட்டன் போட்ட மூட்டமும் இன்றைய பழுக்க வைக்கும் குளிர் அறையும் செய்கிற வேலை ஒன்றுதான். பாட்டனிடம் அளவுகோல் இல்லை என்பது மட்டுமே வேறுபாடு.

இங்கே ஓர் ஐயம் எழும். 'பழுத்தால் வாசனை வருமே, மூக்கே போதாதா?' என்று கேட்பீர்கள். போதாது. வாழைப்பழ வாசனை என்று நாம் முகர்வது எத்திலீன் அன்று. அது ஐசோஅமைல் அசிடேட் முதலான வேறு பொருள்கள். பழுத்த பின்னர் பிறப்பவை. மூக்குக்குச் செய்தி வரும்போது காரியம் முடிந்திருக்கும். எத்திலீனோ, காற்றில் 10 லட்சம் பங்குக்கு 1 பங்கு அல்லது அதற்கும் குறைவாக இருக்கும்போதே வாழைக்காயைத் தட்டி எழுப்பிவிடும். அந்த அளவை எந்த மனித மூக்கும் அறியாது.

கார்பைடு கல்லைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஈரம் பட்டால் அது அசிட்டிலீன் வாயுவை விடும். அசிட்டிலீன் எத்திலீனுக்குத் தூரத்து உறவு, தோலை மஞ்சளாக்கும். ஆனால் கடையில் கிடைக்கும் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும். அவற்றின் நச்சு வாயுவும் கூடவே வரும். கார்பைடு கொண்டு பழுக்க வைத்த பழத்தை விற்பது உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி குற்றம். மாற்றாக, எத்திலீன் வாயுவை 10 லட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்த 2016-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இசைவு அளித்தது. 'நூறு பங்கு வரை' என்று விதி சொல்கிறது. அப்படியானால் யாராவது அளந்து பார்த்தாக வேண்டுமே! வாயுவைத் துல்லியமாகப் பிரித்து அளக்கும் கருவி நல்ல ஆய்வுக்கூடங்களில் உண்டு. அதை மேசையில் வைத்து, சிலிண்டர் இணைத்து, படித்த ஒருவர் அருகில் இருந்து இயக்க வேண்டும். லாரியின் தார்ப்பாய்க்குள் அதைக் கட்டி அனுப்ப முடியாது. பெட்டிக்குள் போடும் அளவுக்குச் சிறிய, விலை மலிந்த ஒன்று தேவை. அங்கேதான் நம் கரிக்குழல் வருகிறது.

பக்கத்தில் பத்தமடை இருக்கும்போது இதை விளக்குவது எளிது. ஒரு கோரைப் பாயை நினைத்துக் கொள்ளுங்கள். கோரைக்குப் பதிலாகக் கரி அணுக்கள். ஒவ்வோர் அணுவும் பக்கத்தில் உள்ள மூன்று அணுக்களோடு கைகோத்து, தேனடையைப் போல ஆறு பக்க அறைகளாகப் பின்னிய பாய். அதன் கனமே ஓர் அணுதான். அந்தப் பாயைச் சுருட்டி விளிம்போடு விளிம்பு சேர்த்துவிட்டால் ஒரு குழல் கிடைக்கும். அதுவே கார்பன் நானோ குழாய். நானோ மீட்டர் என்பது ஒரு மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்கு. ஒற்றைச் சுவர்க் குழலின் குறுக்களவு 1 அல்லது 2 நானோ மீட்டர்தான். நம் தலைமுடி ஒன்றின் அகலத்தில் இப்படிப்பட்ட குழல்கள் பல பதினாயிரத்தை அடுக்கலாம்.

பாயை நேராகச் சுருட்டுகிறோமா, சற்றுக் கோணலாகச் சுருட்டுகிறோமா என்பதைப் பொறுத்துக் குழலின் குணம் மாறும். ஒரு விதமாகச் சுருண்டால் செம்புக் கம்பியைப் போல மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தும். வேறு விதமாகச் சுருண்டால் டிரான்சிஸ்டரில் பயன்படும் சிலிக்கனைப் போலக் குறைகடத்தியாக, 'விடு என்றால் விடுவேன், நிறுத்து என்றால் நிறுத்துவேன்' என்று இருக்கும். உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு முதல் வகை, மற்றவை இரண்டாம் வகை. நமக்கு வேண்டியது இரண்டாம் வகை. அதே அணு, அதே பின்னல். சுருட்டிய கோணம் மாறினால் பொருளே மாறுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத் தீராத இடம் இது.

ஜப்பானைச் சேர்ந்த இஜிமா 1991-இல் இவ்வகைக் குழல்களை மின்னணு நுண்ணோக்கியில் கண்டு எழுதினார். ஒற்றைச் சுவர்க் குழல் 1993-இல் கிடைத்தது. ஆனால் மனிதன் கையில் இது பிறந்தது அதற்கு மிக முன்பே. வைகைக் கரையில் கீழடியில் தோண்டி எடுத்த பானை ஓடுகளை வேலூர் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் சோதித்தபோது, உட்புறக் கருப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதைக் கண்டு 2020-இல் வெளியிட்டார்கள். அந்த ஓடுகள் கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஏதோ ஒரு தாவரச் சாற்றைப் பூசி, கடும் சூட்டில் சுட்டதால் குழல்கள் உண்டாகியிருக்கலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள். அதற்கும் முன்னால், 2006-இல், ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒரு பழைய டமாஸ்கஸ் வாளில் இத்தகைய குழல்களைக் கண்டார்கள். அவ்வகை வாள்களுக்கான எஃகு நம் நாட்டிலிருந்து போனது. 'நம்மவர்கள் அன்றே நானோ அறிவியலைக் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று மேடையில் சிலர் முழங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குயவருக்குத் தேவைப்பட்டது உரியாத கருப்புப் பூச்சு, அது கிடைத்தது. காருக்குறிச்சியில் சூளை வைப்பவரிடம் கேட்டால், 'பானை நன்றாக அமைந்ததா என்று பார்ப்பேன் ஐயா' என்பார். அந்தப் பெருமையே போதும்.

இனி, குழல் எப்படி மணம் பிடிக்கிறது என்பதைப் பார்ப்போம்.

தாமிரபரணியில் ஒரு தவளை குதித்தால் ஆற்றின் ஓட்டம் மாறுமா? மாறாது. கன்னடியன் காலில் ஒரு மண்ணாங்கட்டி விழுந்தால்? அப்போதும் தெரியாது. அதே மண்ணாங்கட்டி உங்கள் நாற்றங்காலுக்குப் போகும் ஒரு சாண் மடையில் விழுந்தால் என்ன ஆகும்? பாத்தி காயும், உடனே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள். கால்வாய் எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவுக்கு ஒரு சிறு தடையும் பெரிதாகத் தெரியும். செம்புக் கம்பி ஆறு போன்றது. அதன் மேல் ஒரு மூலக்கூறு வந்து உட்கார்ந்தால் உள்ளே ஓடும் மின்சாரத்துக்கு அது தெரியவே தெரியாது. கரிக்குழலோ ஓர் அணு கனமே உள்ளது. அதற்கு 'உள்ளே' என்று ஒன்று இல்லை; எல்லா அணுக்களும் கரையிலேயே இருக்கின்றன. ஓடும் மின்சாரம் முழுவதும் மேற்பரப்பில்தான் ஓடுகிறது. மேலே எது ஒட்டினாலும் அது ஓட்டத்தைத் தொடும்.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோங்ஜீ தாய் குழுவினர், ஆண்டு 2000. ஒற்றைக் குழலின் இரு முனைகளையும் உலோகத் தகட்டோடு இணைத்து மின்சாரம் ஓட விட்டு, அதன் மேல் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தினார்கள். 10 லட்சத்தில் 200 பங்கு அளவிலேயே, சில வினாடிகளுக்குள், மின்கடத்தல் 1,000 மடங்கு வரை கூடியது. அம்மோனியாவைச் செலுத்தியபோது மாறாகக் குறைந்தது. முதல் வாயு குழலிடமிருந்து மின்னணுவைப் பறித்துக் கொள்கிறது. அம்மோனியாவோ மின்னணுவைக் கொடுக்கிறது. குழலில் ஓட்டத்தைச் சுமப்பவை மின்னணு விட்டுச் சென்ற காலியிடங்கள். ஆகவே பறித்தால் ஓட்டம் கூடும், கொடுத்தால் குறையும். அதற்கு முன்பிருந்த வாயு உணர்கருவிகள் பலவற்றை 200 டிகிரிக்கு மேல் சூடேற்றித்தான் வேலை வாங்க முடியும். இது சாதாரண அறை வெப்பத்திலேயே வேலை செய்தது. குறை என்னவென்றால், ஒட்டிய வாயு எளிதில் விட்டுப் போவதில்லை. குழல் பழைய நிலைக்குத் திரும்ப நெடுநேரம் பிடித்தது.

அம்மோனியா என்றதும் உங்களுக்கு யூரியா நினைவு வந்திருக்க வேண்டும். நெல் வயலில் நிற்கும் தண்ணீரில் யூரியாவை வெறுமனே வீசினால், ஒரு பகுதி அம்மோனியாவாக மாறிக் காற்றோடு போகிறது. பாசி படர்ந்த வயலில் உச்சி வெயில் நேரத்தில் இந்த இழப்பு அதிகம். நீங்கள் மூட்டைக்குக் கொடுத்த பணம் பக்கத்து வயலின் மேல் மிதந்து போவதைக் கண்ணால் பார்க்க முடிந்தால் எப்படி இருக்கும்? இக்குழல்களால் ஒரு நாள் அது முடியலாம். அதுவரை, 5 பங்கு யூரியாவுடன் 4 பங்கு ஜிப்சமும் 1 பங்கு வேப்பம் பிண்ணாக்கும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடும் பழைய பரிந்துரையைக் கைவிடாதீர்கள். தண்ணீரைச் சற்று வடித்துவிட்டு இடுங்கள்.

மறுபடியும் வாழைக்கு வருவோம். வெறும் கரிக்குழலிடம் ஒரு பெருங்குறை உண்டு. அது வீட்டுக்கு வருகிற எல்லோரையும் பார்த்துக் குரைக்கும் நாய் போன்றது. அம்மோனியாவுக்கும் குரைக்கும், புகைக்கும் குரைக்கும், சாராய ஆவிக்கும் குரைக்கும், நம் ஆற்றோரத்து ஈரக் காற்றுக்கும் குரைக்கும். திருடன் வந்தானா, மாமன் வந்தானா என்று குரலை வைத்துத் தெரிந்து கொள்ள முடியாது. எத்திலீனோ சாதுவான வாயு; குழலிடம் எதையும் பறிக்காது, கொடுக்காது. ஆகவே அதற்குக் குழல் குரைப்பதே இல்லை!

இந்த முடிச்சை அவிழ்த்தவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த திமோதி ஸ்வேகர். 2012-இல் அவரும் அவருடன் உழைத்தவர்களும் வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தினார்கள். செம்பு அணு ஒன்றை நடுவில் கொண்ட ஒரு சேர்மத்தைக் கரிக்குழல்களோடு கலந்தார்கள். செம்பு குழலின் மேல் ஒட்டிக்கொண்டு ஓட்டத்துக்குத் துணை நின்றது. எத்திலீன் வந்ததும் செம்பு குழலை விட்டு எத்திலீனைப் பிடித்துக் கொண்டது. துணை போனதால் குழலின் மின்தடை உயர்ந்தது. எவ்வளவு உயர்ந்தது என்று பார்த்தால் எவ்வளவு எத்திலீன் என்று தெரியும். செம்புக்கு எத்திலீன்மேல் உள்ள பிரியம் செடிகளே கண்டுபிடித்த ஒன்று. செடியின் உடலில் எத்திலீனை உணரும் புரதமும் செம்பைத்தான் வைத்திருக்கிறது. ஆக, வாழை கையாளும் உத்தியைத்தான் மனிதன் கம்பியில் ஏற்றினான்.

அக்கருவி 10 லட்சத்தில் அரைப் பங்கு எத்திலீனையும் உணர்ந்தது. வாழை, ஆப்பிள், பேரி, ஆரஞ்சு, வெண்ணெய்ப் பழம் ஆகியவற்றை வைத்துச் சோதித்து, எது எந்த நாளில் எவ்வளவு எத்திலீன் விடுகிறது என்று பார்த்தார்கள். 2020-இல் அதே ஆய்வுக்கூடம் செம்புக்குப் பதிலாகப் பல்லேடியம் என்ற உலோகத்தைக் கொண்டு வேறு வழியில் முயன்று, 100 கோடியில் 15 பங்கு வரை இறங்கியது. பூக்கள் வாடத் தொடங்குவதைக்கூட அதனால் அறிய முடிந்தது. கனகாம்பரமும் மல்லிகையும் பயிரிடும் சகோதரிகள் இதைக் குறித்துக் கொள்ளலாம்.

'ஒரே ஒரு மூலக்கூற்றையும் பிடிக்குமாமே, பத்திரிகையில் படித்தேன்' என்று முன்வரிசையில் ஓர் அண்ணாச்சி கூட்டம் தொடங்கும் முன் என்னிடம் கேட்டார். பிடிக்கும். ஆனால் எதற்கு, எப்படி என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

10 லட்சத்தில் 1 பங்கு எத்திலீன் என்றால் மிகச் சொற்பம் என்று நினைக்கிறோம். அந்தக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டர் எடுத்தால், அதாவது ஒரு சுண்டைக்காய் அளவு, அதற்குள் ஏறத்தாழ 25 லட்சம் கோடி எத்திலீன் மூலக்கூறுகள் இருக்கும். ஆகவே பழ அறைக்கு ஒற்றை மூலக்கூற்றைப் பிடிக்கும் கருவி தேவையே இல்லை; பல குழல்களைக் கலந்து பூசிய எளிய தகடு போதும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 'ஒற்றை மூலக்கூறு' என்ற பெரிய பேச்சைக் காட்டி உங்களிடம் எதையும் விற்க யாரும் வரக் கூடாது.

ஒற்றை மூலக்கூற்றுக்கான வேலை வேறு. கலிபோர்னியாவின் இர்வைன் நகரில் பிலிப் காலின்ஸ், கிரிகோரி வைஸ் ஆகியோர் குழு 2012-இல் செய்தது இது. நம் கண்ணீரிலும் முட்டை வெள்ளைக்கருவிலும் லைசோசைம் என்ற நொதி இருக்கிறது. கிருமியின் சுவரை அரிந்து போடுவது அதன் தொழில். அவ்வகை நொதியின் ஒரே ஒரு மூலக்கூற்றை ஒரே ஒரு கரிக்குழலின் மேல் கட்டினார்கள். வாயைத் திறந்து மூடும் நண்டைப் போல அது அசையும்போதெல்லாம் குழலில் ஓடும் மின்சாரம் கூடிக் குறைந்தது. 10 நிமிடம் விடாமல் அந்த ஒற்றை மூலக்கூறு உழைப்பதை மின்கருவியில் எழுதிக் கொண்டார்கள். வினாடிக்குச் சுமார் 15 பிணைப்பு வீதம் தொடர்ந்து ஏறக்குறைய 100 பிணைப்புகளை அரிகிறது. பிறகு பிடி கிடைக்காமல் வினாடிக்கு 330 முறை வெறுமனே வாயைத் திறந்து மூடுகிறது. மறுபடியும் வேலைக்குத் திரும்புகிறது. கோடிக்கணக்கான மூலக்கூறுகளை மொத்தமாகப் பார்த்தால் சராசரிதான் தெரியும். கூட்டமாக அறுப்பு அறுக்கிறவர்களைத் தூரத்தில் நின்று பார்த்தால் வயல் குறைவதுதான் தெரியும். யார் உழைக்கிறார், யார் வெற்றிலை போட உட்கார்ந்தார் என்று தெரியாது. அந்த வேறுபாடுதான் இது.

உழவருக்கு இதனால் என்ன பயன் என்றால், பயிர் நோயில் பயன் வரக்கூடும். 2004-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லீபர் குழுவினர், கரிக்குழலுக்குப் பதில் சிலிக்கன் நுண்கம்பியின் மேல் எதிர்ப்புரதத்தைப் பொருத்தி, சளிக்காய்ச்சல் வைரஸ் ஒன்றே ஒன்று வந்து ஒட்டுவதை மின்சாரத்தில் கண்டார்கள். வாழையில் முடிக்கொத்து நோயை எண்ணிப் பாருங்கள். பழனி மலையின் விருப்பாச்சி வாழையைச் சீரழித்த வைரஸ் அது. கன்றை நட்டு, இலை குத்தாக நிற்கும்போதுதான் நோய் என்று தெரிகிறது. அதற்குள் அசுவினி அதைப் பக்கத்துக் கன்றுக்குக் கொண்டு போயிருக்கும். இன்று கன்றின் இலையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பித்தான் சோதிக்க வேண்டும். நடுவதற்கு முன் தோட்டத்திலேயே ஒரு சொட்டுச் சாற்றில் அறிய முடிந்தால், எத்தனையோ குடும்பங்கள் ஓர் ஆண்டு உழைப்பை மிச்சப்படுத்தும். அந்த நாள் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வழி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

நம் நாட்டிலும் இத்துறையில் நல்ல வேலை நடந்திருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அஜய் சூட் தலைமையில் செய்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. கரிக்குழல் கற்றையின் மேல் தண்ணீரை ஓட விட்டால், பாட்டரி இல்லாமலேயே அதில் மின்னழுத்தம் உண்டாகிறது. ஓட்டத்தின் வேகத்துக்கு ஏற்ப அது மாறுகிறது. மடைத் தகராறு தெரிந்த ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. அதே 2003-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தலப்பில் பிரதீப் குழுவினர், நுண்ணிய தங்கத் துகள் கரைசலின் நிறம் மாறுவதைக் கொண்டு தண்ணீரில் எண்டோசல்பான் இருப்பதை அறியலாம் என்று காட்டினார்கள். அந்த மருந்து 2011-இல் உச்ச நீதிமன்ற ஆணையால் நிறுத்தப்பட்டது உங்களுக்குத் தெரியும். கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நானோ அறிவியலுக்கெனத் தனித் துறை இயங்குகிறது. கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தோடும் இலங்கை ஆய்வாளர்களோடும் சேர்ந்து, ஹெக்சனால் என்னும் தாவர ஆவியைக் கொண்டு மாம்பழமும் வாழையும் பழுத்து அழுகுவதைத் தள்ளிப் போடும் முயற்சி அங்கு நடந்தது. புல்லை வெட்டியவுடன் எழும் பச்சை வாசனையில் உள்ள பொருள்தான் ஹெக்சனால்.

இனி எச்சரிக்கை இரண்டு சொல்ல வேண்டும். நீளமான பல சுவர்க் கரிக்குழல்கள் தூசாகப் பறந்து நுரையீரலுக்குள் போனால் கல்நாரைப் போல ஊறு செய்யக்கூடும் என்று 2008-இல் எலிகளில் செய்த சோதனை காட்டியது. கருவிக்குள் பூசி மூடியிருப்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் 'நானோ கரித்தூள், வயலில் தூவுங்கள்' என்று எவரேனும் மூட்டையில் கொண்டு வந்தால் வாங்காதீர்கள். 'நானோ' என்ற சொல் இன்று முன்பு 'அமெரிக்கன்' என்ற சொல் ஒட்டுக்கன்றுக்கு வேலை செய்ததைப் போல வேலை செய்கிறது. எந்த உரம், எவ்வளவு சத்து, யார் சோதித்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் மூட்டையை வண்டியிலேயே இருக்க விடுங்கள்.

இரண்டாவது எச்சரிக்கை கருவியைப் பற்றியது அல்ல, கருவி யார் கையில் இருக்கும் என்பதைப் பற்றியது. எத்திலீன் அளக்கும் சிறு தகடு மலிந்து வரும் நாளில் அதை முதலில் வாங்கப் போவது பெரிய வியாபாரியும் குளிர் அறை வைத்திருப்பவரும்தான். 'உங்கள் லோடு பழுக்கத் தொடங்கிவிட்டது, மானி காட்டுகிறது, விலையைக் குறைத்துக் கொள்ளுங்கள்' என்று சொல்வார்கள். மானி பொய் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் ஏற்றும்போது எவ்வளவு இருந்தது என்று சொல்ல உங்களிடம் ஒரு மானி இல்லாவிட்டால், என் தகப்பனாரின் வழக்குத்தான் மறுபடியும். அதனால்தான் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ, கூட்டுறவாகவோ சேர்ந்து, ஏற்றும் இடத்தில் ஒன்று, இறக்கும் இடத்தில் ஒன்று என்று வாங்கும் யோசனையை இப்போதே பேசத் தொடங்குங்கள் என்கிறேன். தராசு வந்த காலத்தில் நாம் அதை வியாபாரி கையில் விட்டோம். அதன் கணக்கை இன்னும் கட்டிக் கொண்டிருக்கிறோம்.

கருவி வரும்வரை கையில் இருப்பதைக் கொண்டு செய்ய வேண்டியவை சில. காயப்பட்ட சீப்பு, எலி கடித்த தார், வெடிப்பு விழுந்த காய் எதையும் லோடில் ஏற்றாதீர்கள். எடைக்கு ஆசைப்பட்டால் லோடே போகும். பழுத்த பழம் ஒன்றுகூடப் பச்சைத் தாரோடு ஓர் அறையில் கிடக்கக் கூடாது; மாம்பழமும் கூடாது. தார்ப்பாயை இறுக்கிக் கட்டினாலும் முன்னும் பின்னும் காற்று ஓட வழி விடுங்கள். அதிகாலையில் வெட்டி, நிழலில் ஆற விட்டு, சூடு தணிந்த பின் ஏற்றுங்கள். சூடு ஏற ஏற எத்திலீனின் வேகமும் ஏறும். குளிர் அறையில் வைக்கும் வாய்ப்பு இருந்தால் 13 டிகிரிக்குக் கீழே இறக்கச் சம்மதிக்காதீர்கள். தோல் கருத்துப் போகும், பிறகு ஒழுங்காகப் பழுக்காது. பூட்டிய பழ அறைக்குள் திடீரென நுழையாமல் கதவைத் திறந்து சற்று நேரம் காற்றாட விடுங்கள். காய்கள் மூச்சு விட்ட கரியமில வாயு அங்கே தேங்கி இருக்கும்.

நான் சொன்னதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். வீட்டில் இரண்டு மண்பானை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரே தாரின் ஒரே சீப்பிலிருந்து மும்மூன்று பச்சைக் காய்களை இரண்டிலும் போடுங்கள். ஒரு பானையில் மட்டும் நன்கு பழுத்த பழம் ஒன்றைக் கூட வையுங்கள். இரண்டையும் தட்டால் மூடி, ஒரே இடத்தில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் திறந்து பார்த்து, எந்தப் பானையில் எந்த நாளில் மஞ்சள் ஏறியது என்று சுவரில் கரியால் குறித்து வாருங்கள். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் இன்னும் நன்றாகச் செய்வார்கள். அடுத்த மாதம் நான் மறுபடியும் இந்தப் பக்கம் வருவேன். அப்போது ஏத்தனுக்கு எத்தனை நாள், நாட்டு வாழைக்கு எத்தனை நாள் என்று உங்கள் குறிப்பிலிருந்து எனக்குச் சொல்லுங்கள்.